மொழிபெயர்ப்பில் பிறந்த பேய்

தனுஷ்கோடிக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் முன்பெல்லாம் "கடல் எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். இப்போது வருகிற முதல் கேள்வி, "அங்கே பேய் உண்டாமே, நிஜமா?" என்பதுதான். கேட்பது குழந்தையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பென்ஷன் வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள். நள்ளிரவில் ரயில் கூவுமாம். இடிந்த சர்ச்சுக்குள் வெள்ளைச் சேலை நடமாடுமாம். அதனால்தான் சாயங்காலத்துக்கு மேல் போலீஸே யாரையும் விடுவதில்லையாம். யூடியூபில் பச்சை வெளிச்சத்தில் கேமராவை ஆட்டி ஆட்டி எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளும் சுற்றுலா விளம்பரங்களும் சேர்ந்து ஊருக்கு ஒரே பட்டத்தைச் சூட்டியிருக்கின்றன: பேய் நகரம்.

இந்தப் பட்டம் பொய். பொய்யோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். செத்தவர்களையும் இருப்பவர்களையும் ஒரே வீச்சில் இல்லாமல் ஆக்குகிற பொய் இது.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்றால் பேய் பிடித்த ஊர் என்று அர்த்தமில்லை. சுரங்கம் தீர்ந்தோ ரயில் நின்றோ பிழைப்பு அற்றுப்போய், சனங்கள் காலிசெய்துவிட்டுப் போன ஊருக்கு அந்தப் பெயர். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் அப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். 1964 புயலுக்குப் பிறகு சென்னை மாநில அரசு தனுஷ்கோடியைக் குடியிருக்கத் தகாத இடம், 'கோஸ்ட் டவுன்' என்று அறிவித்ததாக எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை யாரோ ஒரு புண்ணியவான் அகராதியை விரித்துவைத்துக்கொண்டு தமிழாக்கியிருக்க வேண்டும். கோஸ்ட் என்றால் பேய், டவுன் என்றால் நகரம். வேலை முடிந்தது. பாழூர் என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது. குடியழிந்த ஊர், ஆளற்ற ஊர் என்றெல்லாம் சொல்லலாம். எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. பெயர் சூட்டிவிட்டுப் பிள்ளையைத் தேடிய கதையாக, 'பேய் நகரம்' என்று எழுதியான பிறகு நகரத்துக்கு ஒரு பேய் தேவைப்பட்டது. இரவில் கூவும் ரயில் அந்தத் தேவைக்குப் பிறந்தது.

நம் மொழியில் 'பேய்' படும் பாடே வேறு. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கரும்பு என்று, தானாக முளைத்துத் தின்ன உதவாமல் கிடக்கும் செடிகொடிக்கெல்லாம் அதை முன்னால் ஒட்டிவிடுவோம். ராமேஸ்வரம் தீவிலேயே பேய்க்கரும்பு என்று ஓர் இடம் உண்டு. அப்துல் கலாமை அடக்கம் செய்தது அங்கேதான். பெயரிலேயே பேயை வைத்திருக்கிற அந்த இடத்துக்குப் போகிற யாரும் பேயைத் தேடுவதில்லை. பெயரில் ராமனின் வில்லை வைத்திருக்கிற ஊரில்தான் தேடுகிறார்கள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு, புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணைக்குள் இறங்கியது. அன்று நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. ஆறு பெட்டி. ஊரை நெருங்குகையில் சிக்னல் வேலை செய்யவில்லை என்றும், டிரைவர் சற்று நேரம் காத்திருந்து, நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்றும் அந்த இரவைப் பற்றிய விவரம் வழிவழியாக வருகிறது. 20 அடிக்கு மேல் எழுந்த அலை வண்டியை மூடியது. ரயில்வே கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

ஆக, ரயில் கூவியது உண்மை. அதைக் கூவவைத்தது ஓர் ஆள். கண்முன் எதுவும் தெரியாத இருட்டில், பொறுப்பில் இருந்த ஒரு தொழிலாளி, விதிப்படி நின்று, யோசித்து, விசில் கொடுத்து, பிறகு முன்னால் போனார். அந்த விசிலுக்குள் இருக்கிற தயக்கமும் கடமையும் நமக்குப் போதாதா? அதைப் பிடுங்கி, ராத்திரி வேடிக்கைக்கு வருகிறவர்களைக் கிச்சுக்கிச்சு மூட்டும் சத்தமாக்கினோம். அந்த 115இலும் ஒரு சங்கடம் உண்டு. அது சீட்டு எடுத்தவர்களையும் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களையும் எண்ணிய எண்ணிக்கை. சீட்டில்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் 200 வரை போகும் என்பது பேச்சு. செத்ததற்கும் அத்தாட்சி வேண்டும் என்றால் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. புயல் இரண்டு நாட்டிலுமாக 1,800 பேருக்கு மேல் கொன்றது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும்?

இங்கேதான் பேய்க் கதைக்காரர்களோடு எனக்குப் பெரிய வழக்கு. பேய் உண்டா இல்லையா என்ற பகுத்தறிவு வாதத்துக்கு நான் வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது, இது தமிழ்ப் பேயே இல்லை என்பது. நம் ஊர்ப் பேய்க்குப் பெயர் உண்டு. எந்த வீட்டுப் பெண், எந்தக் கிணறு, எந்த அநியாயம் என்று வரலாறு உண்டு. அகாலத்தில் போனவர்களை நாம் அப்படியே விட்டதில்லை. கன்னியாகப் போனவளைக் கன்னித் தெய்வமாக்கி வருஷம் ஒரு புதுச்சேலை வைத்தோம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவளுக்கு, அவள் இறக்கிவைக்காமல் போன பாரத்தை நினைத்து, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டோம். வெட்டுப்பட்டுச் செத்தவனைச் சாமியாக்கிப் பொங்கல் வைத்தோம். பயம் இருந்தது, அந்தப் பயத்துக்குள் ஒரு கடனுணர்வும் இருந்தது. யூடியூப் பேய்க்கு ஊரில்லை, பேரில்லை, படையலுமில்லை. வெள்ளைச் சேலை மட்டும் இருக்கிறது.

அதுவும் எந்த ஊரில்? காசிக்குப் போனவன் சேதுவில் முழுகினால்தான் யாத்திரை முடியும் என்பது இந்த நாட்டின் பழைய ஏற்பாடு. அந்தச் சேதுக்கரை தனுஷ்கோடி. தாத்தன் பாட்டனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க நூற்றாண்டுகளாகச் சனம் வந்த மணல் அது. செத்தவர்களை நினைத்து, அவர்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லி, சாந்தி செய்து அனுப்புகிற ஊரைத்தான் ஆவி அலைகிற ஊர் என்கிறோம். இதைவிடப் பொருத்தமற்ற ஓர் ஊரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சாயங்காலத் தடைக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். மாலைக்கு மேல் வெளியாட்களை நிறுத்துவது உண்மை. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பாக் கடல்; மீனவர்கள் பெண்கடல் என்பார்கள், குளம் மாதிரி கிடக்கும். மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஆண்கடல், எப்போதும் உறுமல். இரண்டும் மோதுகிற இடத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. விளக்கில்லாத நீண்ட சாலை. எதிரே சில மைல் தூரத்தில் இன்னொரு நாட்டின் எல்லை, அதனால் கடற்படை, கடலோரக் காவல், கடத்தல் பயம். இத்தனையும் இருக்கும்போது போலீஸ்காரர் பேய்க்குப் பயந்து தடுப்பு வைத்தார் என்பவர், அந்தப் போலீஸ்காரரை ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். அந்த முனைக்கு வைத்த பெயரே எச்சரிக்கைப் பலகைதான். கடல் அரித்துக்கொண்டிருக்கிற முனை, அரிச்சல்முனை. பெயர் வைத்தவர்கள் கடலைக் கவனித்தவர்கள்.

ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல், அது எப்படிப் பாழானது என்பதைப் பேச முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் ஒரே சீட்டில் கொழும்பு வரை போகலாம். போட் மெயில் தனுஷ்கோடித் துறையில் ஆளை இறக்கும், கப்பல் காத்திருக்கும், சுமார் 35 கிலோமீட்டர் கடல், அந்தப் பக்கம் தலைமன்னாரில் இலங்கை ரயில் நிற்கும். துறை இருந்ததால் சுங்கம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், சத்திரம், பவளக்கல்லில் கட்டிய சர்ச் எல்லாம் வந்தன. துரைமார் போனார்கள், வியாபாரிகள் போனார்கள். எல்லாரையும்விட, மண்டபம் முகாமில் அடைத்துச் சோதித்து அனுப்பப்பட்ட கூலிக் குடும்பங்கள் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன வழி இது. மலையகத் தமிழர் பலரின் பாட்டன் பூட்டன் இந்தியாவைக் கடைசியாகப் பார்த்தது தனுஷ்கோடித் துறையில் நின்றுதான். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே இந்தப் பாதையில் இன்னொரு சின்ன விஷயமும் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வீசுவார்கள். பொறுக்கிச் சேர்த்த பையன் அப்துல் கலாம். அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல இத்தனை இருக்கிறது. நாம் சொல்வதோ அது இப்போதும் கூவுகிறது என்பது.

புயல் ஊரை அடித்தது ஓர் இரவில். ஊரைக் கைவிட்டது புயலல்ல. இதைப் பேய்க் கதை மறைக்கிறது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களையும் அதே புயல்தான் கடலில் தள்ளியது. ஆறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வேலை வந்தது. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. கப்பல் துறையை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகியிருந்தது. தனுஷ்கோடி வழியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோது, பாட்டன் ஏறிய துறை இல்லை. ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள்.

மணல் திட்டின் நுனியில் மறுபடி தண்டவாளம் போடாமல் விட்டது சரியான முடிவாகவே இருக்கலாம். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அது முடிவு. ஆபீசில் உட்கார்ந்து, செலவையும் அபாயத்தையும் கூட்டிக் கழித்து, மனிதர்கள் எடுத்தது. முடிவு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்விகள் வரும்: வெளியேறச் சொன்னவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள், போகாதவர்களை என்ன செய்தீர்கள்? 'பேய் நகரம்' என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. பேய்க்குப் பட்டா கேட்டு யாரும் மனு எழுதுவதில்லை.

போகாதவர்கள், போய்த் திரும்பியவர்கள், அவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கம்பிப்பாடு, பாலம் என்று குடியிருப்புகளுக்குப் பெயரும் இருக்கிறது. மீன்பிடித் தொழில், ஓலைக் குடிசை. கரண்ட் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடின. சாலை வந்தது 2017 ஜூலை 27 அன்று. அதே நாளில்தான் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடமும் திறந்தார்கள். அதுவரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். பிரசவ வலி வந்தவளையும் காய்ச்சல்காரப் பிள்ளையையும் 52 வருஷத்துக்கு மேல் மணலில்தான் கொண்டுபோனார்கள். குடிதண்ணீருக்கு மணலைக் கையால் தோண்டுவார்கள். இரண்டு மூன்று அடியில் ஊற்று கசியும். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்ப வேண்டும். உப்புக் கடல் இரு பக்கமும் இருக்க நடுவில் நல்ல தண்ணீர் எப்படி என்று கேட்பீர்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கரித்துப்போகும். எவ்வளவு தோண்டலாம், எவ்வளவு நேரம் விட்டு அள்ளலாம் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அமானுஷ்யம் பார்க்க வருகிறவர்கள் பார்க்க வேண்டிய அதிசயம் அந்தக் குழிக்குள் இருக்கிறது. அதைக் கேமராவுக்குள் விடுவதில்லை. குடத்தோடு பெண்கள் நின்றால் ஊர் ஆளில்லாத ஊராகத் தெரியாதே.

"உள்ளூர்க்காரர்களே பேய் என்கிறார்களே" என்பார்கள். சாலை வருவதற்கு முன்னால் ஒருமுறை மணல் வேனில் போனேன். டிரைவர் வழிநெடுக ஆவிக் கதை சொன்னார். வேனில் இருந்த பிள்ளைகள் அம்மா மடியில் ஒண்டிக்கொண்டன. திரும்பி வந்து டீ குடிக்கையில், ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று கேட்டேன். "இங்கினதான்யா, மணல்ல. வர்றவுக கேக்குறாக, சொல்றோம். பேய் இருந்தா மொதல்ல எனக்கில்ல தெரியணும்?" என்றார். அவர் மீது எனக்குக் குறையில்லை. கேட்கிற சரக்கை விற்கிறார். கேட்டவர்கள் நாம்.

"கதையால் அந்த ஏழைகளுக்கு நாலு காசு கிடைக்கிறதே, அதைக் கெடுப்பானேன்?" என்பது அடுத்த வாதம். சுட்ட மீனும் சங்கு மாலையும் கருவாடும் விற்கிற கடைகள் பகலில் திறந்து மாலையில் மூடுகின்றன. பேய் வருவதோ நள்ளிரவில். கணக்கு உதைக்கிறதே. அங்கே கூட்டம் வருவது கடலுக்காக, சேதுவுக்காக, இடிபாட்டுக்காக. பேயை எடுத்துவிட்டால் ஒரு பொட்டலம் கடலைகூடக் குறையாமல் விற்கும். பேயால் காசு பார்க்கிறவர்கள் அங்கே குடியிருக்கவில்லை.

பேய்க் கதை யார் வயிற்றில் அடிக்கும் என்பதற்கு இன்னொரு ரயில் ஊரைச் சொல்கிறேன். மேற்கு வங்கம் புருலியா மாவட்டத்தில் பேகுன்கோடர் என்றொரு சின்ன ஸ்டேஷன். வெள்ளைச் சேலைப் பெண் பேய் தெரிந்தது என்ற பேச்சு 1967இல் கிளம்பி, ஸ்டேஷன் மூடப்பட்டது. (வெள்ளைச் சேலைக்கு இந்தியா முழுக்க ஒரே தையற்காரர் போலும்.) 42 வருஷம் அங்கே ரயில் நிற்கவில்லை. சுற்றுவட்டக் கிராமத்துச் சனம் அத்தனை வருஷமும் வேறு ஊர் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் வண்டி ஏற வேண்டியிருந்தது. 2009இல்தான் திறந்தார்கள். 2017இல் ஓர் அறிவியல் இயக்கத்தினர் போலீஸ் துணையோடு ராத்திரி முழுக்க அங்கே தங்கிப் பார்த்தார்கள். பேய் வரவில்லை, பயமுறுத்த வந்த ஆட்கள்தான் அகப்பட்டார்கள். ஒரு கதை, ஒரு ஊரின் ரயிலை 42 வருஷம் நிறுத்திவைத்தது.

தனுஷ்கோடிக் கதை இன்னும் மோசம் என்பேன். பேகுன்கோடரில் குறைந்தபட்சம் கிராமத்தார் இருப்பதை யாரும் மறுக்கவில்லை.

போட் மெயில் பாதையின் மறுமுனையைப் பாருங்கள். தலைமன்னார்ப் பக்கத்தையும் அந்தப் புயல் விட்டுவைக்கவில்லை. பிறகு உள்நாட்டுப் போர் வந்து கால் நூற்றாண்டுக்குத் தண்டவாளமே இல்லாமல் போயிற்று. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது. அழிந்தும் ஆளற்றும் கிடந்த அந்தக் கால் நூற்றாண்டில் அதைப் பேய் நகரம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அங்கே செத்தவர்களுக்குக் கேட்க உறவுகள் இருந்தன. ஊர் திரும்பப் போகிறது என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தனுஷ்கோடிக்கும் 2019இல் புது ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். வண்டி வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. 2025இல் தமிழக அரசு அங்கே பூநாரைகளுக்கு ஒரு சரணாலயம் அறிவித்தது, அந்தச் சதுப்பில் தண்டவாளத்தைவிடப் பறவைக்கால்களே எனக்குப் பிடிக்கும். பறவைக்குக்கூட அந்த ஊர் வாழத் தகுந்த இடம் என்று அரசாணை கிடைத்துவிட்டது. மனிதர்கள் மட்டும் இன்னும் ஆவிகளாக இருக்கிறார்கள்.

ஸ்டேஷன் இடிபாட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றைத் தேடுகிறேன்: 653ஆம் எண் வண்டியில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். என் கண்ணில் இன்னும் படவில்லை. இறந்த ஊழியர்களின் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கும். பயணிகளின் பெயர் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் சில வீடுகளில் இன்னும் திதியன்று உச்சரிக்கப்படும். கிடைக்கிற பெயர்களைச் சேர்த்து ஒரு கல்லில் வெட்டி நடுவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. சீட்டில்லாமல் வந்தவர்களுக்கும் கல்லின் அடியில் ஓர் இடம் விடலாம்.

பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். டிசம்பர் வந்ததும் தனுஷ்கோடிக் கட்டுரைக்கு நீங்கள் ஆள் அனுப்புவீர்கள். இடிந்த சர்ச்சின் படத்தைப் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் அந்த இரண்டு சொற்களையும் போடுவீர்கள். வரும் டிசம்பரில் கம்பிப்பாட்டில் யாராவது ஒரு மூத்த மனுஷியை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அவர் பெயரையும் படத்தையும் போடுங்கள். தலைப்பு வேண்டுமென்றால் 'தனுஷ்கோடி, 22 டிசம்பர் 1964' என்று போடுங்கள்.